பன்னிரண்டிலிருந்து நாலு வரைக்கும்: திருவாமாத்தூர்ச் சாலையில் கோடைச் சுற்றுலாவின் கதை

கோடை விடுமுறை நெருங்கினால் சுற்றுலாத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இந்த ஆறு வாரத்தில் கூடுதலாக எப்படிச் சம்பாதிப்பது? வண்டித் தவணை பன்னிரண்டு மாசமும் கட்ட வேண்டும். இன்ஷூரன்ஸ், வரி, எஃப்சி எல்லாம் வருஷக் கணக்கு. வண்டி ஓயாமல் ஓடுவதோ ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரைதான். பதிலும் வழக்கமான பதில்தான்: இன்னொரு வண்டி எடு, ரேட்டை ஏத்து, ஒரே நாளில் இன்னும் ரெண்டு ஊரைச் சேர்.

இந்தக் கேள்வியை நான் ஒரு சின்ன நிலப்பரப்பில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். விழுப்புரத்திலிருந்து செஞ்சி வரை சுமார் 40 கிலோமீட்டர். அந்தச் சாலையின் தொடக்கத்திலேயே பிரிந்து போனால் திருவாமாத்தூர். இந்த வழியில் பல நூறு வருஷமாக ஜனங்கள் யாத்திரை போய்க்கொண்டிருக்கிறார்கள். நடந்து போனார்கள், மாட்டு வண்டியில் போனார்கள், ரயிலில், பஸ்ஸில், இப்போது வேனில் போகிறார்கள். ஒவ்வொரு காலத்திலும் கோடைக் கூட்டத்தால் யாருக்குக் காசு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. கூட்டத்தை ஏற்றி இறக்குகிறவன் சம்பாதித்தான். கூட்டத்தை நிழலில் உட்கார வைத்தவன் ஊரை வாழ வைத்தான். இந்த ரெண்டையும் ஒரே ஆள் செய்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் ஊர்.

திருவாமாத்தூர் விழுப்புரத்துக்கு வடமேற்கே ஆறேழு கிலோமீட்டரில், பம்பை ஆற்றங்கரையில் இருக்கிறது. அபிராமேசுவரர், முத்தாம்பிகை கோயில். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய நடுநாட்டுத் தலம். இரட்டைப் புலவர்கள் இந்த ஊர் மீது ஒரு கலம்பகம் பாடியிருக்கிறார்கள். அதை ஒட்டி ஊரில் ஒரு கதை உண்டு. புலவர்கள் பாட்டில் கோயில் இருக்கும் கரையை மாற்றிச் சொல்லிவிட்டார்களாம். சபையில் தப்பு என்று சொல்ல, அன்று ராத்திரியே வெள்ளம் வந்து ஆறு தடம் மாறிப் பாட்டை மெய்யாக்கிவிட்டதாம். கோயிலில் வட்டப்பாறை என்று ஒன்றும் இருக்கிறது. அங்கே நின்று பொய்ச் சத்தியம் செய்தால் விளங்காது என்பது சுற்று வட்டாரத்தின் நம்பிக்கை. கொடுக்கல் வாங்கல் தகராறு எத்தனையோ அந்தப் பாறை முன்னால் தீர்ந்திருக்கிறது.

இந்தக் கோயில் கல்வெட்டுகளில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று உண்டு. சோழர் காலத்தில் இங்கே திருப்பதியம் பாடுவதற்குப் பார்வையற்றவர்கள் பதினாறு பேரை நியமித்திருக்கிறார்கள். கூடவே அவர்களுக்குக் ‘கண்காட்டுவார்’ இரண்டு பேர். ஆக மொத்தம் பதினெட்டுப் பேருக்கும் ஏற்பாடு. வழிகாட்டி என்கிற வேலைக்கு இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. கூட வந்து கண்ணாக இருப்பவர். அந்த வேலைக்கும் கூலி உண்டு என்று கல்லில் வெட்டி வைத்த ஊர் இது.

இனி கோடைக்கு வருவோம்.

சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கம் பயணம் போவது லேசான காரியம் இல்லை. செஞ்சியை நெருங்க நெருங்கப் பாறைக் குன்றுகள்தான். அக்னி நட்சத்திரத்தில் பாறை உள்வாங்குகிற சூட்டை ராத்திரி வரை கக்கிக்கொண்டிருக்கும். ரயிலுக்கு முந்தைய காலத்தில் மாட்டு வண்டி ஒரு நாளில் 25, 30 கிலோமீட்டர் போனால் அதிகம். அதிலும் கோடையில் வண்டிக்காரர்கள் விடியலுக்கு முன் புறப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் எங்காவது அவிழ்த்துவிட்டு, சாயங்காலம்தான் மறுபடி பூட்டுவார்கள். நடுவில் இருக்கிற அந்த வேளைக்காகத்தான் தோப்பு, குளம், சுமைதாங்கி, தண்ணீர்ப்பந்தல், சத்திரம் எல்லாம். தண்ணீர்ப்பந்தலுக்கு நிலம் விட்ட செய்தி சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது.

சத்திரம் எப்படி நடந்தது என்பதற்கு நல்ல ஆவணம் நம்ம பகுதிக்குத் தெற்கே, தஞ்சாவூரில் கிடைக்கிறது. அங்கே மராட்டிய அரசர்கள் ராமேசுவரம் போகும் பாதையில் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். 1801 ஜனவரியில் இரண்டாம் சரபோஜி கம்பெனியின் ரெசிடென்டுக்கு எழுதிய கடிதத்தில் அவற்றின் நடைமுறையை விவரிக்கிறார். வருகிறவர் யாரானாலும் சாப்பாடு. நோயாளி என்றால் குணமாகும் வரை வைத்தியம். பிள்ளைத்தாய்ச்சி வந்தால் பிரசவம் வரை கவனிப்பு. நடுராத்திரியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று கூப்பிடுவார்களாம். செலவுக்கு நில வருமானம் ஒதுக்கியிருந்தது. அதாவது பயணியிடம் வாங்கவில்லை. ஆனால் பயணி தங்கியதால் அரிசி விற்றது, மாட்டுக்குப் புல் விற்றது, கொல்லருக்கும் தச்சருக்கும் வேலை வந்தது. பயணம் மெதுவாக நடந்தது. அதனாலேயே வழி நெடுகக் காசு சிந்திக்கொண்டே போனது.

சென்னை சுப்ரீம் கோர்ட்டில் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி, 1830 மே 18-ஆம் தேதி, நல்ல கோடையில், சுமார் நூறு பேரைக் கூட்டிக்கொண்டு காசிக்குப் புறப்பட்டார். திரும்பி வந்தது 1831 செப்டம்பரில். அவர் எழுதி வைத்த காசி யாத்திரைக் குறிப்புகளில் கோயிலுக்குக் கொடுத்த அளவு கவனத்தை, எந்த ஊரில் தண்ணீர் நல்லா இருக்கு, எங்கே தங்க இடம் உண்டு, கடையில் என்ன சாமான் கிடைக்கும் என்பதற்கும் கொடுத்திருக்கிறார். நூறு பேரைக் கூட்டிப் போகிறவருக்கு அதுதானே முதல் கவலை!

அப்புறம் ரயில் வந்தது. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில். 1874-இல் இரண்டு கம்பெனிகள் சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆனது. அதன் மீட்டர் கேஜ் பாதை செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரத்துக்கு வந்தது. 1879-இல் விழுப்புரம்–புதுச்சேரிக் கிளை திறந்தது. 1890-களின் தொடக்கத்தில் திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிப் பக்கம் ஒரு பாதை போனது. 1920-களின் இறுதியில் திருச்சிக்கு நேர்ப்பாதையும் சேர்ந்தது. நாலா பக்கமும் தண்டவாளம் பிரியும் ஜங்ஷன் ஆகிவிட்டது விழுப்புரம். இரட்டைப் புலவர் கதையில் ஆறு தடம் மாறியது போல, இங்கே ஜனம் தடம் மாறியது. கோயிலும் ஆறும் இருந்த திருவாமாத்தூர் ஓரமாகிப் போனது. வண்டி மாறுகிற விழுப்புரம் பெரிய ஊரானது.

இந்தியர்கள் ரயிலில் ஏறுவார்களா என்றே ஆரம்பத்தில் அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். ஏறினார்கள். அதுவும் திருவிழாவுக்கும் தீர்த்தத்துக்கும் சாரை சாரையாக ஏறினார்கள். பயணிகள் வருமானத்தில் பெரும்பகுதி மூன்றாம் வகுப்பிலிருந்துதான் வந்தது. முதல் வகுப்புக்கு மெத்தை போட்டார்கள். காசு கொடுத்த மூன்றாம் வகுப்புக்குப் பல இடங்களில் சரக்கு வேகன். திருவிழா நெரிசலும் காலராவும் சேர்ந்தே பயணம் செய்தன. 1910-களில் அரசாங்கம் மாகாண வாரியாக யாத்திரைக் கமிட்டிகள் போட்டு விசாரிக்கிற அளவுக்கு நிலைமை போனது. காந்தி 1917-இல் மூன்றாம் வகுப்புப் பயணத்தின் கொடுமையைப் பற்றித் தனியாக எழுதினார்.

இதே ரயிலை வைத்து இங்கிலாந்தில் வேறொரு ஆள் வேறொன்று செய்திருந்தார். தாமஸ் குக், 1841 ஜூலை 5-ஆம் தேதி, அவர்கள் ஊர்க் கோடையில், லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குச் சுமார் 500 பேரை மதுவிலக்குக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். ஆளுக்கு ஒரு ஷில்லிங். அவரிடம் சொந்தமாக ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. போகிற ஏற்பாடு, வருகிற ஏற்பாடு, போன இடத்தில் என்ன என்கிற ஏற்பாடு, இதைத்தான் விற்றார். பிற்பாடு அந்தப் பெயரில் உலகம் சுற்றும் கம்பெனியே வளர்ந்தது. நம்ம ரயில் கம்பெனிகள் விற்றது டிக்கெட். குக் விற்றது ஒரு நாள். இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பஸ் காலம். 1975-இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1997-க்குப் பிறகு அதுதான் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் பிரிவு. அமாவாசைக்கு மேல்மலையனூர், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை என்று சிறப்புப் பஸ்கள். சித்திரா பௌர்ணமி என்றால் கேட்கவே வேண்டாம். அதே சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழா. ஊர் ஊராக வரும் திருநங்கைகளால் விழுப்புரம் லாட்ஜுகள் நிரம்பிவிடும்.

திருவண்ணாமலையைக் கவனியுங்கள். இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய கோடைக் கூட்டம் சித்திரா பௌர்ணமி கிரிவலம். 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடக்க வேண்டும். பகலில் நடந்தால் கால் பொசுங்கிவிடும். அதனால் பெருங்கூட்டம் ராத்திரியில்தான் நடக்கிறது. வெயிலை எப்படிக் கையாள்வது என்பதற்கு ஜனங்களே கண்டுபிடித்த விடை அது: நேரத்தை மாற்றிக்கொள்வது. யாரும் விளம்பரம் கொடுக்கவில்லை. நிலா வெளிச்சமும் ஆறின தரையும் போதுமாக இருந்தது.

இப்போது வேன் காலம். விழுப்புரத்தில் டெம்போ டிராவலர் ஓட்டும் ஒரு தெரிந்தவர் என்னிடம் சொன்னார்: “அண்ணே, எங்களுக்குக் கிலோமீட்டர்தான் சோறு. வண்டி நின்னா பேட்டா மட்டும்தான். அதனால புதுச்சேரில காலைல ஏத்தி, செஞ்சி, திருவண்ணாமலை காட்டிட்டு ராத்திரி கொண்டாந்து விட்டுடுவோம். நடுவுல எங்கயும் நிறுத்த முடியாது. நிறுத்தினா பார்ட்டியும் திட்டும், எங்க போய் உக்கார்றதுன்னு.”

கோடைத் தொழிலின் முடிச்சு முழுக்க இந்த நாலு வரியில் இருக்கிறது. கிலோமீட்டருக்குக் காசு என்பதால் ஓட்டுநருக்கு ஓட வேண்டும். பயணிக்கோ மே மாசத்தில் நிற்க வேண்டும். கோயில்களெல்லாம் பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்தினால் நாலு, நாலரைக்குத்தான் திறக்கும். பாறையில் ஏற முடியாது. அந்த நாலு மணி நேரத்தை வண்டிக்குள் ஏசியில் தள்ளுகிறார்கள். குழந்தைகள் வாந்தி, பெரியவர்கள் தலைவலி, டீசல் செலவு, சாப்பாட்டுக்கு நெடுஞ்சாலை ஓட்டல் வரிசை. ஊருக்குத் திரும்பினதும் ‘இனிமே வெயில்ல எங்கயும் போகக் கூடாதுப்பா’ என்று ஒரு தீர்மானம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். 14 பேர் கொண்ட ஒரு குழு, 220 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்றால் 5,500. லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் வைத்து, டீசல் 95 ரூபாய் என்றால் 2,090. பேட்டா 600. மிச்சம் 2,810.

இன்னொரு மாதிரி: விழுப்புரத்தைச் சுற்றியே 110 கிலோமீட்டர். ஆளுக்கு 700 வீதம் குழுவுக்கு மொத்தமாக 9,800 ரூபாய் பேசுகிறோம். இதில் மதியச் சாப்பாடு ஆளுக்கு 150 வீதம் 2,100. ஓய்வெடுக்கும் இடத்துக்கு 700. கூட வரும் கண்காட்டுவாருக்கு 1,000. டீசல் 1,045. பேட்டா 600. செலவு 5,445 போக மிச்சம் 4,355. வண்டி ஓடிய தூரம் பாதி. டயர் தேய்மானம் பாதி. வண்டிக்காரர் கையில் 1,500 ரூபாய்க்கு மேல் கூடுதல். அதைவிட முக்கியம், 3,800 ரூபாய் வழியில் இருக்கிற ஊர்களில் தங்கிவிடுகிறது. முதல் கணக்கில் அந்த ஊர்களுக்குக் கிடைத்தது புழுதி மட்டும்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். ஒப்பந்த வண்டியில் தனித்தனி ஆட்களுக்குத் தனித்தனி டிக்கெட் போட்டு ஏற்றினால் பர்மிட் சிக்கல் வரும். ஒரு குடும்பம், ஒரு அலுவலகம், கூடப் படித்தவர்கள் என்று ஒரே குழுவாக, ஒரே பேச்சாக இருக்க வேண்டும். தாமஸ் குக் மாதிரி ஒரு முழு நாளை விற்க வேண்டும்.

அப்படி விற்க இந்தச் சாலையில் சரக்கு இருக்கிறதா? தாராளமாக இருக்கிறது. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி ஒன்றுதான். இனி இந்தச் சாலையில் வண்டி கூடும். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் சுமார் இருபது கிலோமீட்டரில் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் கல்வெட்டில் சொல்லிக்கொள்ளும் குடைவரை. பக்கத்திலேயே தளவானூர்க் குடைவரை. கொஞ்சம் விலகினால் பனமலை, ராஜசிம்மன் காலக் கோயில், உள்ளே பல்லவர் கால ஓவியத்தின் மிச்சம். எண்ணாயிரம் என்ற கிராமத்தில் ராஜேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர்கள் படித்த கல்விச்சாலை இருந்ததற்குக் கல்வெட்டு உண்டு. புதுச்சேரிப் பக்கம் போனால் திருவக்கரையில் கல்லாய்ப் போன மரங்கள்.

இதையெல்லாம் ஒரே நாளில் அடைக்கக் கூடாது என்பதுதான் விஷயம். கோடைக்கு என் வரிசை இது. காலையில் விழுப்புரத்திலிருந்து நேரே செஞ்சி, கோட்டை திறந்ததும் உள்ளே. வெயில் உறைப்பதற்குள் இறங்கிவிட வேண்டும். திரும்பும் வழியில் பதினோரு மணிக்கு மண்டகப்பட்டு. குடைவரைக்குள் கல் குளிர்ச்சியாக இருக்கும். பன்னிரண்டு மணிக்குத் திருவாமாத்தூர்ப் பக்கம் ஒரு தோப்போ மண்டபமோ. வாழை இலைச் சாப்பாடு, பாய், தலையணை, சுத்தமான கழிப்பறை. மூன்றரைக்கு நுங்கும் நீர்மோரும். திண்டிவனம் பக்கத்துத் தர்பூசணி கிடைத்தால் இன்னும் நல்லது. அப்புறம் நடை திறந்ததும் கோயில். வட்டப்பாறை, பம்பை ஆற்றுக் கதை, பதினாறு பாடகர்களின் கல்வெட்டுக் கதை. ஆறு மணிக்கு விழுப்புரம் ஸ்டேஷன். கல்யாண மண்டபத்தை நம்புகிறவர்கள் முதலில் முகூர்த்த நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரையும் வைகாசியும் கல்யாண மாசம். முகூர்த்தம் இல்லாத நாளில் பூட்டிக் கிடக்கும் மண்டபம் குறைந்த வாடகைக்கே கிடைக்கும்.

பட்டியலில் நான் அழுத்திச் சொல்வது கழிப்பறையை. சிரிக்காதீர்கள். பெண்களும் வயசானவர்களும் வருகிற குழு மறுபடி வருமா வராதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. கோட்டையின் உயரமோ கோயிலின் வயசோ இல்லை. யாத்திரைக் கமிட்டிகள் நூறு வருஷத்துக்கு முன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதினதும் இதைத்தான்.

கூட்டத்தைப் பெருக்கிக்கொண்டே போகலாம் என்கிற நினைப்பு இனி எடுபடாது என்பதற்கு மலை ஊர்கள் சாட்சி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று உச்சவரம்பே வந்துவிட்டது. அங்கே போகிற ஆபரேட்டர் இனி வண்டி எண்ணிக்கையை நம்பிக் கணக்குப் போட முடியாது. வருகிற ஒவ்வொரு ஆளும் எவ்வளவு நேரம், எவ்வளவு நிம்மதியாக இருந்தார் என்பதை வைத்துத்தான் போட வேண்டும். செஞ்சிப் பாறைக்கும் ஒரு நாள் அந்த நிலைமை வரலாம். வருவதற்கு முன்னால் கற்றுக்கொள்வது மலிவு.

திருவாமாத்தூருக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஜங்ஷன் ஆக முடியாது, அது விழுப்புரத்துக்குப் போய்விட்டது. உலகப் பாரம்பரியம் ஆக முடியாது, அது செஞ்சிக்குப் போய்விட்டது. ஆனால் ரெண்டுக்கும் நடுவில் நிழலாக இருக்க முடியும். சத்திரக் காலத்தில் இப்படி எத்தனையோ ஊர் வாழ்ந்திருக்கிறது. சமைக்கத் தெரிந்த பெண்கள் நாலு பேர், கல்வெட்டுக் கதையைப் பிழையில்லாமல் சொல்லப் பழகின படித்த பிள்ளைகள் ரெண்டு பேர், பேசினபடி காசைக் கையில் கொடுக்கிற வண்டிக்காரர் ஒருவர் இருந்தால் போதும். பேச்சு சுத்தமாக இருக்கிறதா என்று சோதிக்க வட்டப்பாறையும் பக்கத்திலேயே இருக்கிறது.

அடுத்த மே மாசம் இந்தச் சாலையில் வண்டி ஓட்டப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். இன்னொரு வண்டிக்குத் தவணை போடுவதற்கு முன்னால், இருக்கிற வண்டி பன்னிரண்டிலிருந்து நாலு வரைக்கும் எங்கே நிற்கப் போகிறது என்று முடிவு செய்யுங்கள்.